வேன் டாப்பில் ஆண்டெனா மாட்டுவோர் உஷார்! பணம் கேபிளில் போகிறது, வழக்கு பூஸ்டரில் வருகிறது!

சென்னை நகரில் ஓடும் டூரிஸ்ட் வேன், கம்பெனி பஸ், மருத்துவ முகாம் வண்டி, சினிமா கேரவன் ஆகியவற்றின் டாப்பை அண்ணாந்து பார்த்தால் ஒரு கறுப்புக் குமிழ் கண்ணில் படுகிறது. சில வண்டிகளில் அது சுறாமீன் துடுப்பு போல நிற்கிறது. இன்னும் சிலவற்றில் சைக்கிள் கம்பி போல நீட்டிக்கொண்டிருக்கிறது.

இது என்ன?

ஓடும் வண்டிக்குள் இன்டர்நெட் கொண்டு வருவதற்கான ஆண்டெனாதான் இது!

கல்யாணத்துக்கு வேன் பேச வருகிறவர்கள் முன்பெல்லாம் "ஏ.சி. இருக்கா? டி.வி. இருக்கா?" என்று கேட்பார்கள். இப்போது "வைஃபை இருக்கா?" என்பதும் சேர்ந்து விட்டது. வேன் உரிமையாளரும் "இருக்கு சார்" என்று சொல்லி, கண்ணாடியில் ஸ்டிக்கரும் ஒட்டி விடுகிறார்.

செங்கல்பட்டைத் தாண்டியதும் பிள்ளைகளின் செல்போனில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. "என்னங்க, வைஃபை இருக்குன்னீங்க!" என்று டிரைவர்தான் திட்டு வாங்குகிறார்.

இதைச் சரி செய்யக் கிளம்பும் உரிமையாளரைக் குறி வைத்து ஒரு சாமான் விற்கப்படுகிறது. அதன் பெயர் "பூஸ்டர்". "இதைப் போட்டா போதும், அண்ணே! புல் சிக்னல்!" என்று ஆசை காட்டி விற்கிறார்கள்.

அங்கேதான் வம்பு!

தகர டப்பாவுக்குள் தவிக்கும் சிக்னல்

வண்டிக்குள் சிக்னல் ஏன் குறைகிறது என்று முதலில் பார்ப்போம்.

வேன் என்பது நாலு சக்கரம் வைத்த தகர டப்பா. ரேடியோ அலை தகரத்தைத் துளைத்துக்கொண்டு வராது. கண்ணாடி வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். அந்தக் கண்ணாடியில் உலோகப் பூச்சு இருந்தால் அந்த வழியும் அடைபட்டு விடும். டவர் வெகு தூரத்தில் இருக்கும் ஹைவேயில், வந்து சேரும் கொஞ்சநஞ்ச சிக்னலும் ஜன்னலோடு நின்று போகிறது.

மொபைல் ரவுட்டர் என்பது சிம் கார்டு போட்ட ஒரு பெட்டி. டவரில் இருந்து டேட்டாவை வாங்கி, வண்டிக்குள் இருப்பவர்களுக்கு வைஃபையாகப் பங்கு போட்டுக் கொடுக்கும். அந்தப் பெட்டியை சீட்டுக்கு அடியில் வைத்தால், அதுவும் தகர டப்பாவுக்குள் சிக்கிய ஒரு செல்போன் மாதிரிதான். ஆகவே அதன் காதை மட்டும் வெளியே எடுத்து டாப்பில் வைக்கிறார்கள். அந்தக் காதுதான் ஆண்டெனா.

ஆண்டெனா சிக்னலை உற்பத்தி செய்வதில்லை. குறுக்கே நிற்கும் தகரத்தை விலக்கித் தருகிறது. அவ்வளவே! இதைப் புரிந்து கொண்டவரை எந்தக் கடையிலும் ஏமாற்ற முடியாது.

காரில் ஆண்டெனா வைப்பது புதிய சங்கதியும் அல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1946-ம் ஆண்டு ஜூன் மாதமே கார் டெலிபோன் சேவை தொடங்கி விட்டது. அந்தக் கருவியின் எடை சுமார் 36 கிலோ! காரின் டிக்கியையே அது பிடித்துக்கொண்டது.

நம் சென்னையிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2003-ம் ஆண்டு சங்கர நேத்ராலயா கண் ஆஸ்பத்திரி, இஸ்ரோவின் துணையுடன் சாட்டிலைட் டிஷ் பொருத்திய பஸ்சை கிராமங்களுக்கு அனுப்பியது. பஸ்சில் எடுத்த கண் படங்களை சென்னையில் இருந்த டாக்டர்கள் பார்த்தார்கள். அன்று அதற்கு சாட்டிலைட் தேவைப்பட்டது. இன்று ஒரு சிம் கார்டும் ஒழுங்காக மாட்டிய ஆண்டெனாவும் இருந்தால், டவர் எட்டுகிற இடத்தில் எல்லாம் அதே வேலையைச் செய்யலாம்.

"ஒழுங்காக" என்பதை அடிக்கோடு போட்டுப் படிக்கவும்!

பூஸ்டர் வாங்கினால் போலீஸ் வருமா?

பூஸ்டரும் ஆண்டெனாவும் ஒன்றல்ல. ஆண்டெனா சும்மா கிடக்கும் கம்பி. பூஸ்டர் என்பது கரண்டில் ஓடும் கருவி. டவர் சிக்னலை வாங்கி, பெருக்கி, மறுபடியும் காற்றில் வீசுகிறது.

செல்போன் அலைவரிசையில் அப்படி வீசும் உரிமை யாருக்கு உண்டு? கோடி கோடியாகக் கொட்டி ஏலம் எடுத்த கம்பெனிகளுக்குத்தான் உண்டு.

லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருக்கக் கூடாது என்று 1933-ம் ஆண்டே இந்தியாவில் சட்டம் வந்து விட்டது. 2023-ல் நிறைவேறிய புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் இதைக் கண்டும் காணாமல் விடவில்லை. இதற்கு இடையில் 2022-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை பகிரங்க எச்சரிக்கையே விடுத்தது. லைசென்ஸ் பெற்ற டெலிபோன் கம்பெனிகளைத் தவிர வேறு எவரும் செல்போன் பூஸ்டரை வைத்திருப்பதும், விற்பதும், பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று அதில் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது.

கடைக்காரர் பில் கொடுத்தார் என்பதற்காகச் சாமான் சட்டப்படியானது ஆகி விடாது. டெல்லி முதலிய ஊர்களில் மத்திய வயர்லெஸ் கண்காணிப்பு அதிகாரிகள் சோதனை போட்டு பூஸ்டர்களைக் கழற்றியது உண்டு. கள்ள அலை எங்கிருந்து கிளம்புகிறது என்று திசை காட்டும் கருவி அவர்களிடம் இருக்கிறது. அந்தக் கருவியோடு தெருத் தெருவாக வருவார்கள்.

"யூ-டியூபில் அமெரிக்காக்காரன் தன் வண்டியில் பூஸ்டர் மாட்டிக் காட்டுகிறானே?" என்று கேட்பவர்கள் உண்டு.

அது அந்த ஊர் சட்டம். அங்கே 2013-ல் விதி வகுத்து, சோதனையில் தேறிய பூஸ்டர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். அந்த வீடியோவை அம்பத்தூரில் உட்கார்ந்து பார்த்து விட்டு ஆர்டர் போட்டால், மாட்டப் போவது அம்பத்தூர்க்காரர்தான்!

சட்டம் கிடக்கட்டும், வேலையாவது செய்யுமா?

வண்டியில் அதுவும் சந்தேகம். பூஸ்டருக்கு இரண்டு ஆண்டெனா. ஒன்று டவரைப் பார்த்து வெளியே. இன்னொன்று செல்போனைப் பார்த்து உள்ளே. இரண்டும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். வேனில் எங்கே போய்த் தள்ளுவது? கல்யாண மண்டபத்தில் மைக்கை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டு போனால் "கீ..." என்று ஊளையிடுமே, அதே கதி இங்கேயும் நேரும். வித்தியாசம் என்னவென்றால், இந்த ஊளை மனிதர் காதில் விழாது. டவர் காதில் விழும்!

டவரின் காது அடைத்துப் போனால் சுற்று வட்டாரத்தில் இருப்பவர்களின் பேச்சு அறுகிறது. வேன் நிற்பது ஓர் ஆஸ்பத்திரி வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர் வீட்டில் நெஞ்சு வலியில் துடிப்பவருக்காக யாரோ 108-க்குப் போன் போடுகிறார்கள். லைன் போகவில்லை. வேனுக்குள் பிள்ளைகள் சினிமா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விபரீதம் இப்படித்தான் வரும்.

ஆகவே பூஸ்டர் பக்கமே போக வேண்டாம். கரண்டு இல்லாத சாதா ஆண்டெனா, அதோடு மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. ஒப்புதல் பெற்ற ரவுட்டர். இது போதும். பெட்டியின் மேல் அந்த ஒப்புதல் பற்றிய விவரம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது வாங்குகிறவர் பாடு.

சிக்னலைத் தின்னும் கேபிள்

இனி ரிச்சி தெருவுக்கு வருவோம். அண்ணா சாலையை ஒட்டிய இந்தத் தெருவில் கிடைக்காத எலக்ட்ரானிக் சாமான் இல்லை. ரவுட்டரை இங்கே வாங்கி, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வண்டி அலங்காரக் கடையில் கொடுத்து மாட்டுவது பலரின் வழக்கம்.

பணம் கோட்டை விடப்படுவது ஆண்டெனாவில் அல்ல. அதில் இருந்து வரும் வயரில்!

ஆண்டெனாவோடு தென்னங்குச்சி பருமனில் கறுப்பு வயர் ஒன்று வரும். அதன் பெயர் ஆர்.ஜி.174. ஒல்லியாக இருப்பதால் எந்தச் சந்திலும் நுழைத்து விடலாம். மெக்கானிக்குக்கு அது சௌகரியம். "அஞ்சு மீட்டர் வயரோட வருது சார், இழுத்து விட்டுடலாம்" என்பார்கள்.

கணக்குப் பார்த்தால் பகீர் என்கிறது!

4ஜி சேவை ஓடும் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், இந்த ஒல்லி வயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 2 டெசிபல் சிக்னலைத் தின்று விடும். ஐந்து மீட்டருக்கு 10 டெசிபல். 10 டெசிபல் போனால் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு! டாப்பில் ஒரு ரூபாய் வந்தால் ரவுட்டருக்குப் பத்து பைசாதான் போய்ச் சேருகிறது. மீதி தொண்ணூறு பைசா வழியிலேயே சூடாகிக் கரைந்து விடுகிறது. இதற்கு ரவுட்டரை டேஷ்போர்டு மேலே கண்ணாடி ஓரமாக வைத்திருந்தாலே தேவலை.

900 மெகாஹெர்ட்ஸில் இழப்பு குறைவுதான். ஆனாலும் அதே ஐந்து மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு காலி.

பென்சில் பருமனுள்ள எல்.எம்.ஆர்.200 ரக வயர் போட்டால், 2300-லும் பாதிக்கு மேல் தப்பிக்கும். விரல் பருமனுள்ள எல்.எம்.ஆர்.400 என்றால் முக்கால் பங்குக்கு மேல். ஆனால் இந்தத் தடியனை வேனுக்குள் வளைப்பது பெரும் பாடு. பெரிய பஸ்சுக்குத்தான் சரிப்படும்.

இதை விட மலிவான வழி ஒன்று உண்டு. வயரைக் குறைத்து விடலாம். ரவுட்டரை சீட்டுக்கு அடியில் ஒளித்து வைக்காமல், டாப்புக்கு உள்பக்கத்தில் ஆண்டெனாவுக்கு நேர் கீழே, ஏ.சி. காற்றுபடும் இடமாகப் பார்த்து வைத்தால் ஒரு மீட்டர் வயரே போதும். மிச்சம் இருக்கும் வயரைச் சுருட்டிக் கட்டி வைப்பதில் புண்ணியம் இல்லை. சுருட்டி வைத்த வயரும் தின்னும். அளவோடு வெட்டி முனை போடத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

"30 டி.பி. ஆண்டெனா" என்று லேபிள் ஒட்டிய குமிழ்களும் விற்கப்படுகின்றன. உள்ளங்கை அளவு குமிழ், நாலா பக்கமும் சிக்னல் வாங்க வேண்டிய குமிழ், தருவது பொதுவாக 2 முதல் 5 டெசிபல்தான். முப்பது என்பது கூரை மேல் வைக்கும் பெரிய டிஷ் சமாச்சாரம். லேபிளை நம்பிப் பணம் கொடுப்பது, மூட்டையை அவிழ்க்காமல் அரிசி வாங்குவது போல.

பின்னா? ஓட்டையா?

அடுத்த தகராறு முனையில். செல்போன் சிக்னலுக்கு எஸ்.எம்.ஏ. என்று ஒரு திருகு முனை. வைஃபைக்கு ஆர்.பி.-எஸ்.எம்.ஏ. என்று இன்னொன்று. இரண்டுக்கும் மரை ஒன்றே. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒன்றில் நடுவே ஊசி இருக்கும் இடத்தில் மற்றதில் ஓட்டை இருக்கும்.

ஓட்டையும் ஓட்டையும் சேர்ந்தாலும் மரை அழகாகத் திருகிக்கொள்ளும். இறுக்கமாகவும் இருக்கும். உள்ளே மட்டும் எதுவும் எதையும் தொடாது! மாட்டியவர் கூலி வாங்கிக்கொண்டு போய் விடுவார். உரிமையாளர் ஒரு வாரம் கம்பெனியைத் திட்டுவார், சிம்மை மாற்றுவார். கோளாறு என்னவோ கடுகளவு ஊசியில்.

ஒரே ஒரு வயர் உள்ள ஆண்டெனாவை வாங்குவதும் நஷ்டமே. 4ஜி ரவுட்டருக்குக் குறைந்தது இரண்டு காது. 5ஜி ரவுட்டருக்குப் பெரும்பாலும் நாலு. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் ஆண்டெனா கொடுத்தால் வேகம் பாதியாகக் குறைய வாய்ப்பு உண்டு. டாப்பில் ஒரே குமிழ் இருந்தாலும் அதில் இருந்து எத்தனை வயர் இறங்குகிறது என்று எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. சிலர் வைஃபை ஆண்டெனாவையும் சேர்த்து டாப்புக்கு மேலே கொண்டு போய் விடுகிறார்கள். உள்ளே கடைசி சீட்டில் வைஃபை வராது. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஆட்டோவில் இருப்பவருக்குப் பிரமாதமாக வரும்!

டாப்பில் எந்த இடம்?

நடு டாப்புதான் நல்ல இடம். பல ஆண்டெனாக்கள் தமக்குக் கீழே விரிந்த தகரத்தையும் சேர்த்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கம் தகரம் இல்லாமல் போகிறது. டாப்பில் ஏ.சி. பெட்டி, லக்கேஜ் கேரியர் கம்பி இருந்தால் அவற்றின் நிழலில் வைக்கக் கூடாது. சினிமா கேரவன்கள் சிலவற்றுக்கு ஃபைபர் டாப். அதில் காந்த ஆண்டெனா ஒட்டவே ஒட்டாது. பசை போட்டு ஒட்டினாலும் அடியில் தகரம் இல்லை. அதற்கென்று தகரம் தேவைப்படாத ரகம் தனியாக இருக்கிறது.

நீளக் கம்பி ஆண்டெனா கெத்தாகத் தெரியும். ஆனால் அது சிக்னலைத் தட்டையாகப் பிடிக்கும். சமவெளி ஹைவேயில் நல்லது. கொடைக்கானல், ஏற்காடு மலைப் பாதையில் டவர் தலைக்கு மேலேயோ பள்ளத்திலேயோ இருக்கும்போது கோட்டை விட்டு விடும். மரக்கிளை, ரயில்வே சப்-வேயின் உயரத் தடுப்புக் கம்பி ஆகியவை வேறு அதற்கு எமன்.

காந்தம் வைத்தது சுலபம், ஓட்டை போடத் தேவையில்லை. ஆனால் கதவு இடுக்கில் வயரை நசுக்கிக் கொண்டு வர வேண்டும். நாளுக்கு ஐம்பது தடவை கதவு அடிபடும் வேனில் அந்த வயர் எத்தனை மாதம் தாங்கும்? வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் டாப்பில் ஓட்டை போட்டே மாட்டுகிறார்கள். ஓட்டை ஓரத்தில் பெயிண்ட் தடவி, ரப்பர் வாஷரும் சிலிக்கான் பேஸ்ட்டும் வைக்காவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் நேரே பயணி தலையில் சொட்டும். கொஞ்ச நாளில் துருவும் பிடிக்கும். சைடு தூணில் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அதன் குறுக்கே வயர் போகவே கூடாது. விபத்தின்போது ஏர்பேக் விரியும் வழி அது.

தீப்பிடிக்கும் அபாயம்

எல்லாவற்றிலும் பயங்கரமானது பேட்டரி வயர்தான்.

வீட்டு ரவுட்டர் 12 வோல்ட். வேன் பேட்டரியும் 12 வோல்ட். "நேரா கொடுத்துடலாம் சார்" என்று இழுத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது அந்தப் பன்னிரண்டு, பதினாலுக்கு மேல் ஏறும். செல்ப் அடிக்கும்போது ஒன்பதுக்கும் கீழே சரியும். வீட்டு ரவுட்டர் இதைத் தாங்காது. பஸ், லாரி என்றால் 24 வோல்ட். அதில் நேராகக் கொடுத்தால் அன்றைக்கே கருமாதி. வண்டிக்கென்றே செய்த ரவுட்டர்களில் பல, 9 முதல் 30 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. விலை இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போகும். அவ்வளவு முடியாது என்கிறவர்கள் வோல்ட்டைச் சீராக்கும் கன்வர்ட்டர் ஒன்றை நடுவில் போட வேண்டும்.

வெயில் கணக்கும் உண்டு. வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவை 40 டிகிரி வரை என்று எழுதித்தான் வருகின்றன. கத்திரி வெயிலில் மெரினா ஓரம் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் 40 டிகிரி என்பது குளிர்ச்சி!

பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட வேண்டும். ரவுட்டர் பக்கத்தில் போட்டு விட்டு "போட்டாச்சு" என்பது கதைக்கு உதவாது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையே உள்ள தகரத் துளை வழியாகத்தான் வயர் வருகிறது. வண்டி ஆட ஆட, தகர விளிம்பு வயரின் தோலை அறுக்கும். ஒரு நாள் செம்பு தகரத்தைத் தொடும். அப்போது பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் கொட்டும். வயர் பழுத்துச் சிவக்கும். மேலே ரெக்ஸின், கீழே கார்பெட், உள்ளே தூங்கும் பயணிகள்!

பேட்டரி முனையில் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருந்தால் அந்த நொடியே அறுந்து காப்பாற்றி விடும். சில ரூபாய் சாமான். துளையில் ஒரு ரப்பர் வளையம். அதுவும் சில ரூபாய்தான். இந்த இரண்டையும் போடாமல் டேப்பைச் சுற்றி வேலையை முடிக்கிறவரிடம் வண்டியை விடவே கூடாது.

இதில் இன்னொரு விஷமமும் நடக்கிறது. 2019 ஜனவரி 1-ந்தேதி முதல் பதிவாகும் புதிய பயணிகள் வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும், ஆபத்து நேரத்தில் அழுத்தும் பட்டனும் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி. ஆட்டோக்களுக்கு விலக்கு உண்டு. தனியாக வயர் இழுக்கச் சோம்பல்படுகிறவர்கள், இந்தக் கருவிக்குப் போகும் வயரையே சீவி ரவுட்டருக்குக் கரண்டு எடுத்து விடுகிறார்கள். ரவுட்டரில் கோளாறு வந்து ஃபியூஸ் போனால் பட்டனும் செத்து விடும். நடுராத்திரியில் ஒரு பெண் பயணி அந்தப் பட்டனை அழுத்தினால் யாருக்கும் தகவல் போகாது!

திங்கட்கிழமை காலை "செல்ப்" எடுக்காது

சாவியை எடுத்த பிறகும் ரவுட்டர் ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? 8 வாட் ரவுட்டர் ஒன்று 12 வோல்ட்டில் மணிக்கு முக்கால் ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். இது ஒரு பொருட்டா என்று தோன்றும். வெள்ளிக்கிழமை இரவு நிறுத்திய வண்டியைத் திங்கட்கிழமை காலை எடுத்தால் 60 மணி நேரம். மொத்தம் 40 ஆம்பியர். 70 ஆம்பியர் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி! பழைய பேட்டரியாக இருந்தால் ஆபீஸ் போகும் கும்பல் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

சாவி போட்டால் மட்டும் கரண்டு வரும் வயரில் இணைத்தால் இந்தத் தொல்லை இல்லை. வண்டி நின்ற பிறகும் அரை மணி நேரம் ஓடி விட்டுத் தானே அணையும் வசதி சில ரவுட்டர்களில் இருக்கிறது. மருத்துவ முகாம் வண்டிகளுக்கு அது தோது.

இரண்டு சிம் இருந்தால் இரட்டை வேகமா?

"ரெண்டு சிம் போடலாம் சார், டபுள் ஸ்பீடு" என்பது இன்னொரு வசனம். பெரும்பாலான இரட்டை சிம் ரவுட்டர்களில் உள்ளே இருக்கும் மோடம் ஒன்றுதான். ஒரு சிம் படுத்து விட்டால் மற்றது எழுந்திருக்கும். இரண்டும் சேர்ந்து ஓடாது. மாறுவதற்கும் கொஞ்ச நேரம் பிடிக்கும். நேரடி ஒளிபரப்பு செய்யும் டி.வி. வண்டிகள் பல மோடம், பல சிம் வைத்து எல்லாவற்றையும் முறுக்கிக் கயிறாக்கும் கருவியை வைத்திருக்கின்றன. அதன் விலையே வேறு. ஆனாலும் இரண்டு சிம்மை வெவ்வேறு கம்பெனியாகப் பார்த்துப் போடுவது புத்திசாலித்தனம். ஒருவர் டவர் இல்லாத ஊரில் மற்றவர் டவர் இருக்கும்.

அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது?

போலீஸ் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். வைஃபை பாஸ்வேர்டு "12345678" என்று சீட்டு முதுகில் எழுதி ஒட்டிய பஸ்சில் இருந்து எவனோ ஒரு கில்லாடி ஆன்லைன் மோசடி செய்து விட்டு விழுப்புரத்தில் இறங்கிப் போய் விடுகிறான். சைபர் கிரைம் போலீசார் தடம் பிடித்து வந்து நிற்பது சிம் வாங்கிய பஸ் உரிமையாளர் வீட்டு வாசலில்! ரவுட்டரைத் திறக்கும் பாஸ்வேர்டைக் கம்பெனி கொடுத்த "அட்மின்" என்பதாகவே விட்டு வைத்தால் ஆபத்து இன்னும் அதிகம். பயணி ஒருவர் உள்ளே புகுந்து, மற்றவர்களை எந்த வலைத்தளத்துக்குத் திருப்பி விடுவது என்பதைக் கூட மாற்றலாம். பாங்கிக் கணக்கு பார்க்கிறவர்கள் கதி?

ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. வைஃபை பாஸ்வேர்டை டிரிப்புக்கு டிரிப் மாற்றி, டிக்கெட்டோடு சொல்லலாம்.

கூட்டத்தில் தோற்கும் ஆண்டெனா

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையிலும், காணும் பொங்கலன்று மெரினாவிலும் செல்போனில் கோடு முழுசாக இருக்கும். படம் மட்டும் போகாது. டவரில் கூட்டம்! ஒரே குழாயில் லட்சம் குடம். இதற்கு டாப்பில் எதை மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை. டவரே இல்லாத காட்டுப் பாதையிலும் அதே கதைதான். இதைச் சொல்லி விற்கிற கடைக்காரர் நேர்மையானவர்.

அதனால் செல்போன் கோட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. ரவுட்டரின் உள்பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 80-ஐ ஒட்டி இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110-க்கு இறங்கினால் திண்டாட்டம். பக்கத்திலேயே எஸ்.ஐ.என்.ஆர். என்று இன்னோர் எண். அது பூஜ்யத்துக்குக் கீழே போனால், கோடு எத்தனை இருந்தாலும் வட்டம்தான் சுற்றும்.

விவரம் தெரிந்த வேன்காரர்கள் கையாளும் முறை இது. ஆண்டெனா மாட்டும் முன்பே, சிக்னல் மந்தமான ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி ரவுட்டரின் இரண்டு எண்ணையும் காகிதத்தில் எழுதிக்கொள்கிறார்கள். மாட்டிய பிறகு அதே இடத்தில், அதே நேரத்தில், அதே சிம்மோடு மறுபடி பார்க்கிறார்கள். மைனஸ் 108 இருந்தது 98 ஆனால் பத்து மடங்கு சிக்னல் கூடியிருக்கிறது என்று அர்த்தம். எண் அசையவே இல்லை என்றால் ஊசி முனை தொடவில்லை, அல்லது வயர் தின்று விட்டது.

மெக்கானிக்குக் கொடுக்க வேண்டிய மீதிப் பணத்தை அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்த பிறகுதான் பையில் இருந்து எடுக்கிறார்கள்.